வசந்த்துக்கு என்ன வயசு?

சுஜாதாவின் வக்கீல் கணேஷ் முதன்முதலில் தலைகாட்டியது 1968-இல், 'நைலான் கயிறு' நாவலில். அப்போது முப்பது வயது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2008-இல் சுஜாதா காலமானபோது கணக்குப்படி கணேஷுக்கு எழுபது ஆகியிருக்க வேண்டும். ஆனால் எந்தக் கதையிலும் அவர் கிழவர் இல்லை. பிறகு வந்து சேர்ந்த ஜூனியர் வசந்த் கதை அதைவிட மோசம். கல்யாணம் கிடையாது, தொப்பை கிடையாது, பெண்களைப் பார்த்தால் ஜோக் அடிப்பது மட்டும் நிற்கவே இல்லை. (தலைக்குச் சாயம் போட்டிருப்பார் என்று சொல்லிவிடாதீர்கள், ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

"கதைதானே, இதுக்குப் போய் கணக்குப் பார்க்கணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சில இடங்களில் கணக்குப் பார்க்கவே கூடாது. 1990-இல் பிறந்த சின்சான் இன்றைக்கும் ஐந்து வயசுப் பையன். வளர விட்டிருந்தால் இப்போது நாற்பதை ஒட்டிய ஆசாமி. அந்த வயதில் அதே சேட்டைகளைச் செய்தால் சிரிப்பு வராது, போலீஸ்தான் வரும் :-) அங்கே ஐந்து வயது என்பதுதான் நகைச்சுவையே. பார்க்கிற குழந்தைகள் வளர்ந்து போனால் அடுத்த செட் குழந்தைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஆள் அப்படியே நிற்க, அவரைச் சுற்றி உலகம் மட்டும் ஓடும்போது. அமெரிக்காவின் 'சிம்ப்ஸன்ஸ்' 1989-இல் தனித் தொடராக ஆரம்பித்தது. பார்ட்டுக்கு அன்றும் பத்து வயது, இன்றும் பத்து வயது. சரி, இருக்கட்டும். ஆனால் அவன் அப்பா அம்மா காதலித்தது எப்போது? 1991-இல் வந்த ஒரு எபிசோடில் அது 1974, இருவரும் பள்ளியில் கடைசி வருஷம். 2008-இல் வந்த இன்னொரு எபிசோடில் அதே ஜோடி தொண்ணூறுகளில் இளம் காதலர்கள்! பல ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை. பையனுக்கு வயது ஏறக்கூடாது என்றால், பெற்றோரின் பழைய காலத்தை அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இளமைக்குக் கொடுக்கிற விலை கடந்த காலம். அது கொஞ்சம் அதிக விலைதான்.

வசந்த்துக்கும் இதுதான் நடந்தது. பதினைந்து வயதில் படிக்கிற பையனுக்கு அவர் அண்ணன். முப்பதில் படித்தால் நண்பன். ஐம்பதில் எடுத்துப் பார்த்தால் "யாருடா இந்தப் பொடியன்" என்று தோன்றும். வாசகர் மட்டும் நரைத்துக்கொண்டே போகிறார், கூட வர ஆள் இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் அடிக்கிற அந்த ஜோக்குகளை ஐம்பது வயது வசந்த் அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? யாராவது ஒரு பெண் நிமிர்ந்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள், அவரும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். வயது ஏறாததால் அந்தக் கணக்கு தீர்க்கப்படவே இல்லை.

இதற்கு நேர் எதிர், இயன் ராங்கினின் எடின்பரோ போலீஸ்காரர் ரீபஸ். 1987-இல் முதல் நாவலில் நாற்பது வாக்கில் அறிமுகம். புத்தகத்துக்குப் புத்தகம் வயது ஏறியது. 2007-இல் அறுபது ஆனதும் ராங்கின் அவரை ரிட்டயர் ஆக்கி வீட்டுக்கு அனுப்பினார். 2012-இல் திரும்பக் கூட்டிவந்தபோதும் பழைய அதிகாரம் கிடையாது, பழைய வழக்குகளைத் தூசி தட்டும் பிரிவில் சாதாரண சிவிலியன். 2020-இல் வந்த நாவலில், நுரையீரல் நோயால் மாடி ஏற முடியாமல், அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்துக்குக் குடிமாறுகிறார். ஒரு துப்பறியும் நாயகன் படிக்கட்டிடம் தோற்கிறான். முதல் புத்தகத்திலிருந்து கூடவே வந்தவர்களுக்கு அது எந்தக் கொலையையும் விட அதிகமாக உறைக்கும்.

வளர விட்டால் தொடர் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான் எதிர்த்தரப்பின் பெரிய வாதம். உண்மைதான். கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979-இல் தொடங்கிய குடும்பச் சித்திரத் தொடரில் குழந்தைகள் நிஜமாகவே வருஷா வருஷம் வளர்ந்தார்கள். 1995-இல் அந்த வீட்டு நாய், ஆற்றில் விழுந்த கடைக்குட்டியைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப் போனது. வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 2008-இல் கதையை முடித்தவர், உடனே ஆரம்பத்துக்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்கினார். ஆக, வளர விட்டவருக்கே கடைசியில் கடிகாரத்தைத் திருப்ப ஆசை வந்துவிட்டது.

அகதா கிறிஸ்டி மாட்டிக்கொண்டது வேறு மாதிரி. 1920-இல் புவாரோவை அறிமுகப்படுத்தும்போதே ரிட்டயரான போலீஸ்காரர் என்று எழுதிவிட்டார். தொடர் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது, கணக்குப் போட்டால் ஆள் நூறைத் தாண்டிவிடுவார். அவ்வளவு வயதானவராகத் தொடங்கியது தப்பு என்று கிறிஸ்டியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே கடைசி நாவலை எழுதிப் பத்திரமாக வைத்திருந்தார். 1975-இல் அது வெளிவந்தது: சக்கர நாற்காலி, மூட்டுவாதம், மரணம். அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது.

கணேஷுக்கும் வசந்த்துக்கும் அப்படி ஒரு செய்தி எந்தப் பேப்பரிலும் வரப்போவதில்லை. அவர்கள் இன்னும் ஆபீசில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்த கட்சிக்காரருக்காக.