காசி மன்னர் வெட்டிய ஆங்கிலக் கிணறு



இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிறது ஸ்டோக் ரோ என்னும் சிற்றூர். பீச் மரக் காடுகளும் சிறிய தேவாலயமும் அந்த நாட்டில் பல ஊர்களுக்கு உண்டு. ஆனால் சாலையோரத்துக் கும்மட்டத்தின் கீழே பொன்னிற யானை நிற்பது இந்த ஊரில்தான். யானைக்கு அடியில் ஒரு கிணறு. அதை வெட்டிக் கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்.

அந்தக் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையாலானவை. பெய்த மழை ஆழத்துக்கு இறங்கிவிடும். கோடையில் குட்டைகள் வற்றினால் வெகுதூரம் போய்த் தண்ணீர் சுமந்து வரவேண்டும். வீட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு சிறுவனுக்கு அடி விழுந்ததாம். இதை மகாராஜாவிடம் சொன்னவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். அந்தப் பக்கத்துக்காரர், வட இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். 1831-ல் ஆசம்கட் மக்களுக்குக் கிணறு வெட்ட உதவியவரும் அவரே. கேட்ட கதையை மன்னர் மறக்கவில்லை. ரீட் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு, அங்கே ஒரு கிணறு வெட்டப் பணம் தர முன்வந்தார்.

1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. விட்டம் 4 அடி, ஆழம் 368 அடி. முழுவதும் கையால் தோண்டியது! இதைப் படித்தபோது என் மனம் மன்னரை விட்டு, அந்தக் குறுகலான குழிக்குள் இறங்கி மண் அள்ளிய தொழிலாளிகளிடம் போய்விட்டது. உயிரைப் பணயம் வைத்த உழைப்பு அது. 1864 மே 24, விக்டோரியா அரசியின் பிறந்தநாளன்று கிணறு திறக்கப்பட்டது. ஊராருக்குத் தண்ணீர் இலவசமாகக் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்தில் வைத்த செர்ரித் தோப்பு. பழம் விற்ற காசில் கிணற்றைப் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தோப்புக்கு மன்னர் பெயரால் 'இஷ்ரீ பாக்' என்றே பெயர். கொடுப்பதோடு நில்லாமல், கொடுத்தது நிலைக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

பின்னாளில் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணற்றை ஊர் கைவிடவில்லை. 1964-ல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்திருந்தார்.

லண்டனுக்குப் போகும் வாசகர்களே, ரெடிங் நகரிலிருந்து இந்த ஊர் அதிக தூரமில்லை. ஒரு பகல் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்