தாழும் பிரேக் மிதி

நோய் இன்னதென அறிந்து, அது வந்த காரணத்தையும் தேர்ந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டுமென்பது திருவள்ளுவர் மருந்ததிகாரத்திற் காட்டிய நெறி. அந்நெறி மனித உடலுக்கேயன்றி மோட்டார் வண்டிக்கும் பொருந்துமென்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது.

மதுக்கரையை அடுத்த செட்டிபாளையத்தில், கோவை எஸ். கரிவரதன் அவர்கள் நினைவாகப் பெயர்பெற்ற கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயக்களம் 2003-ஆம் ஆண்டு முதல் விளங்கி வருவதை அன்பர்கள் அறிவர். இவ்வட்டாரத்து இளைஞர் பலர் பழைய வண்டியொன்றை வாங்கி, எஞ்சினைத் திருத்தி, பெரிய காலிப்பர்களைப் பூட்டிக் களத்திற்குக் கொணர்கின்றனர். அவ்வூக்கம் போற்றற்குரியதே. ஆயினும் விரையும் வழியை ஆராயுமளவு நிற்கும் வழியை ஆராய்கிறோமா?

என் தமையனாரின் வண்டியில், பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தால் முதலில் உறுதியாய் நின்று, பின் மெல்லமெல்லத் தாழ்ந்தது. இருமுறை விரைந்து மிதித்தால் மீண்டும் உயர்ந்தது. பட்டறையில் முதலில் பேடுகளை மாற்றினர். பின் பிரேக் ஆயிலை மாற்றினர். பின் ஒரு காலிப்பரையும் மாற்றினர். பணம் சென்றது, மிதியோ தாழ்ந்துகொண்டேயிருந்தது. இது வைத்தியமன்று, சூதாட்டம்.

மிதியின் நோய்கள் பல, குறிகளும் வெவ்வேறு. பஞ்சுபோல் அமுங்குமாயின் குழாயிற் காற்று உளது. காலிப்பர்களை இடம்வலம் மாற்றிப் பூட்டியதால் காற்றெடுக்குந் திருகு கீழே அமைந்துவிடின், எத்துணை முறை ஏர் எடுப்பினும் அக்காற்று நீங்காது. சில சுற்றுக்களின் பின், வெப்பத்தில் மட்டும் தளருமாயின் ஆயில் கொதித்ததென ஐயுறலாம். டாட் 4 வகை ஆயில் புதியதாயின் 230 பாகை செண்டிகிரேட் வரை கொதியாது. ஈரத்தை உறிஞ்சியபின் அவ்வுறுதி 155 பாகையளவிற்குக் குறைந்துவிடும்.

நின்ற வண்டியில், ஒரே அழுத்தத்தில் மிதி தாழுமாயின் ஆயில் எங்கேயோ தப்பிச் செல்கிறது. தொட்டியில் மட்டம் குறையின் வெளியே ஒழுக்கு. குழாயையும் சக்கரங்களையும் பார்க்க. மட்டம் குறையாது, எங்கும் ஈரமுமின்றேல், மாஸ்டர் ஸிலிண்டரின் உள்ளேயுள்ள ரப்பர்க் கப்பைக் கடந்து ஆயில் பின்செல்கிறதென ஐயுறுக. உறுதி செய்ய, குழாய்களைக் கழற்றி, ஸிலிண்டரின் வாய்களை அடைத்து, காற்றை நீக்கி மிதிக்க. அப்பொழுதும் தாழின் குற்றம் அதனிடத்தே, தாழாதெனின் அதற்கப்பால்.

எங்கள் வண்டியில் அப்பொழுதும் தாழ்ந்தது. திறந்து பார்க்கையில் கப்பின் விளிம்பு கீறலுற்றிருந்தது. ஏர் எடுக்கும்போது மிதியைத் தரைவரை அழுத்தியதால், அது வழக்கமாய்ச் செல்லாத துருவேறிய பகுதியில் உரசியதே நோய்முதல்.

அதே களத்தில் நடந்துள்ள ஃபார்முலா பாரத் என்னும் மாணவர் போட்டியில், பிரேக்கிட்டால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பூட்டிக்கொள்ளல் வேண்டும். மிதி அளவுகடந்து தாழின் வண்டியை நிறுத்தும் ஸ்விட்சும் வேண்டும். தம் வண்டியைத் தாமே திருத்துவோர்க்கு இவ்வொழுங்கு வேண்டாவோ? கையிற் காசில்லா மாணவர் என் செய்வரெனின், சோதனைக்கு வேண்டுவது காசன்று, பொறுமையே. சோதியாது மாற்றிய காலிப்பர்தான் காசை விழுங்கியது.

அன்று என் தமையனார் ஓடவில்லை. கட்டிய கட்டணம் போயிற்று. தோழர் சிலர் நகைத்தனர். மாணவ நண்பர்காள்! மீண்டும் மீண்டும் மிதித்து உயர்த்திய மிதி குணமான மிதியன்று. “இன்னும் ஒரே சுற்று” என்று மனம் தூண்டும்போது, அந்நகைப்பைப் பொறுத்து வண்டியை வெளியே கொணர்வதே ஆண்மை. அவ்வளைவில் நமக்கு முன்னே செல்பவனும் ஒரு தாயின் மகனல்லனோ?