கருஞ்சிறுத்தையும் 12/50-ம்

போன மாசம் பெங்களூர் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஹால் சுவத்துல மூணடி அகலத்துக்குக் கபினி கருஞ்சிறுத்தை. கீழே பென்சில்ல கையெழுத்து, பக்கத்துல 12/50-ன்னு எண். விலை 45,000 ரூபாயாம்.

"தல, லிமிடெட் எடிஷன். அம்பதும் வித்துட்டா விலை டபுளாகும்னாங்க. நீங்கதான் கேமராவும் கையுமா சுத்துறீங்களே, இப்ப என்ன போகும்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னார்.

சர்டிபிகேட்டை வாங்கிப் படிச்சேன். படத்தோட பேர், எண், தேதி, ஒரு சீல். முடிஞ்சது. என்ன தாள், என்ன மை, வேற அளவுல எத்தனை பிரதி, ஆர்ட்டிஸ்ட் புரூஃப் எத்தனை, ஒண்ணும் இல்லை. வித்தவருக்கே போன் போட்டோம். "அம்பது இந்த சைஸுக்கு மட்டும் சார். சின்னதுல ஒரு அம்பது, பெருசுல ஒரு அம்பது, கான்வாஸ் தனி"ன்னு கூலா சொல்றார்!

மக்களே, எண் போடுறதுக்கு ஒரு காலத்துல அர்த்தம் இருந்துச்சு. செப்புத் தகட்டுல கோடு கீறி அச்சடிச்சப்ப தகடு தேயும், பின்னாடி வர்ற பிரதி மங்கும். டிஜிட்டல் ஃபைல் தேயுமா என்ன? அம்பதோட நிறுத்துறேன்ங்கிறது வெறும் வாய் வார்த்தை. அந்த வார்த்தை எவ்வளவு தாங்கும்னு கேட்டா, வில்லியம் எகிள்ஸ்டன் கதையைச் சொல்லணும். காட்டுயிர் ஆள் இல்லை, அமெரிக்கக் கலர் போட்டோகிராஃபியோட பெரிய தலை. 20 பிரதியோட முடிஞ்சதா இருந்த மூணுசக்கர சைக்கிள் படத்தையும் இன்னும் சிலதையும் புதுசா, பெருசா, டிஜிட்டலா பிரிண்ட் போட்டு 2012-ல நியூயார்க்ல ஏலம் விட்டார். பழைய பிரிண்ட் வச்சிருந்த ஜொனாதன் சோபெல் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல வழக்கு தள்ளுபடி. புதுசு வேற அளவு, வேற முறை, அதனால வேற எடிஷன்னு ஆகிப்போச்சு. கோடீஸ்வரருக்கே இந்தக் கதி.

அதனால எண்ணை விட்டுட்டுப் பொருளைப் பாருங்க சாமி. பருத்தித் தாளா, பிக்மென்ட் மையா, வெயில் படுதா? நண்பர் வீட்டுப் படத்தை எம்.டி.எஃப். பலகையில கோந்து போட்டு ஒட்டியிருக்காங்க, இனி பிரிக்க முடியாது. மாட்டினது மேற்கு ஜன்னலுக்கு நேரே. வித்தவங்களே திருப்பி வாங்கிப்பாங்களான்னா, அதுவும் கிடையாது.

காட்டுயிர்ப் படத்துக்கு இன்னொண்ணும் இருக்கு. எப்படி எடுத்தது? 2009-ல லண்டன் போட்டியில முதல் பரிசு வாங்கின, கேட்டைத் தாண்டிக் குதிக்கிற ஓநாய் ஞாபகம் இருக்கா? அது வாடகைக்குக் கிடைக்கிற, பழக்கின ஓநாயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நடுவர்கள் முடிவு பண்ணி, 2010 ஜனவரியில பரிசைப் பிடுங்கிட்டாங்க. எடுத்தவர் மறுத்தார். அந்தப் படத்தைக் காட்டு ஓநாய்னு நம்பிக் காசு குடுத்திருந்தா? எந்த சர்டிபிகேட்லயாவது இந்த விவரம் ஒரு வரி இருக்கா?

என் கோபம் அந்த வியாபாரி மேல மட்டும் இல்லை. நம்ம பதிவர்கள்லயே சில பேர் இப்ப 1/25, 1/100-ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. விக்கலாம், தாராளமா. எல்லா அளவும் சேர்த்து மொத்தம் எத்தனை, எந்தத் தாள், எங்கே எப்படி எடுத்தேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. முடியலைன்னா எண்ணே போடாம, தாளும் உழைப்பும் என்ன பெறுமோ அதை வாங்கிக்குங்க.

நண்பர் இந்தக் கேள்வியையெல்லாம் வித்தவருக்கு மெயில்ல அனுப்பி மூணு வாரம் ஆச்சு. பதில் இல்லை. படத்தை மட்டும் உள் நடைக்கு மாத்திட்டோம்.

டிஸ்கி: சிறுத்தை அட்டகாசமா இருக்கு. அதுல எனக்குத் தகராறே இல்லை :-)