பழவேற்காட்டுக் கட்டம்

ஆப்பிரிக்கா என்றாலே காடும் பஞ்சமும்தான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் பழவேற்காட்டின் பெயரிலேயே கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கப்பல் ஏறியது. 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்' என்று மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதும் இந்தக் கட்டத் துணிதான். நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள் அதை 'இஞ்சிரி' என்பார்கள். அப்படியே உடுத்தாமல், சில இழைகளை மட்டும் அறுத்து உருவிப் புது டிசைன் கொண்டுவருவார்களாம். என்ன பொறுமை!

லீவு நாளில் வண்ணத்தாள் கீற்றுகளைப் பாவும் ஊடையுமாகப் பின்னப் பழக்கும் சகோதரிகள், பின்னி முடித்ததும் இரண்டு கீற்றை உருவச் சொல்லுங்கள். வேறு டிசைன் வரும். கலபாரிக் கதையையும் சொல்லலாம். கைத்தொழில் பீரியடைக் கணக்குக்குத் தாரை வார்க்கும் பள்ளிகள் இதையெல்லாம் சொல்லித் தரப்போவதில்லை. வண்ணத்தாள் இல்லையா? பழைய காலண்டர் தாளே போதும்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி