ஸ்டோரும் வேண்டும், சேவையும் வேண்டும்



ஒரு கிலோ தேயிலைத்தூள் வர நாலரை கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அதை ஸ்டோரில் வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்து எடுப்பது உற்பத்தி. பிறகு வரும் லொறி, கொழும்பு ஏலம், தரகர், காப்புறுதி, கப்பல், விளம்பரம் எல்லாம் சேவை. கடையில் ஒரு தேயிலைப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு நம் மலையை விட்டு இறங்கிய பிறகு சேர்ந்ததுதான்.

பிராந்திய வர்த்தகமும் இப்போது சேவைப் பக்கம் திரும்புகிறது. 1998 டிசம்பரில் இந்தியாவுடன் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை பொருள்களுக்கு மட்டுமானது. நமது தேயிலைக்கும் அதில் ஆண்டுக்கு 1 கோடி 50 இலட்சம் கிலோ சலுகை அளவு உண்டு. சேவையையும் சேர்க்கும் பேச்சு நின்றும் தொடர்ந்தும் வருகிறது. 2018இல் சிங்கப்பூருடன் செய்த உடன்படிக்கையில் சேவையும் அடங்கியது. இந்தியத் துறைமுகங்களுக்கான கொள்கலன்களை மாற்றி ஏற்றுவது கொழும்புத் துறைமுகத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆகவே சேவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

நமது கவலை வேறு. சில தோட்டங்களில் ஸ்டோரை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். ஸ்டோர் மூடினால் அங்கே பேர் போட்டவர்களின் வேலை போகிறது. நாம் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். கடையிலும் ஹோட்டலிலும் அவர்கள் செய்வதும் சேவைதான். ஆனால் பலருக்கு நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதியும் இல்லை.

பெற்றோரே, பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 முதல் இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் மேலதிகச் சம்பளம். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது மூன்று. வர்த்தக உடன்படிக்கை பேசும்போது தொழிற்சங்கங்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தேயிலையைப் பொதிசெய்யும் வேலையில் ஒரு பங்காவது மலையகத்துக்கு வர வேண்டும். நமது பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி தமிழில் கிடைக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, வெளியில் வேலை செய்யும் பிள்ளைகளின் விபரத்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள். மலையில் பேர் போடுகிறவருக்கு மட்டுமல்ல, டவுன் கடையில் நிற்கும் நம் பிள்ளைக்கும் சங்கம் வேண்டும்.