வெந்நீர் சுற்றும் வீடு

மார்கழிப் பனிக்கே கம்பளியைத் தேடும் நமக்கு, வாசலில் ஜலம் உறைந்து கல்லாய்க் கிடக்கும் ஜெர்மனியின் குளிர் எளிதில் மனத்தில் படாது. அங்கே வீட்டை வெதுவெதுப்பாக வைப்பது சௌகரியமன்று; உயிர் காக்கும் காரியம். பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வது வெந்நீரே. ஓரிடத்தில் காய்ச்சிய நீரை ஒரு சிறு பம்பு குழாய்கள் வழியே அறைதோறும் அனுப்புகிறது. சூட்டைக் கொடுத்துவிட்டு அந்நீர் மீண்டும் காய்வதற்குத் திரும்பி வருகிறது. காற்றைச் சுடவைத்து அனுப்பினால் ஆகாதோ எனில், ஆகும். ஆனால் அதே கன அளவுள்ள நீர் ஏறக்குறைய 3,500 மடங்கு உஷ்ணத்தைச் சுமக்கும்.

2022-இல் ருஷியாவின் எரிவாயு வரத்துக் குறைந்து விலை ஏறியபோது, அந்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த யந்திரத்தின் சிக்கனம் பெருங்கவலையாயிற்று.

வீடு கட்டுவோர் பலர் முதலிற் கொதிகலனை விலை பேசுகின்றனர். முதலிற் செய்யத்தக்கதோ, வீடு எவ்வளவு உஷ்ணத்தை இழக்கிறது என்ற கணக்கு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று கொள்வோம். 2 சதுர மீட்டர் ஜன்னல் ஒன்று ஒற்றைக் கண்ணாடியாயின் 300 வாட்டுக்கு மேல் வெளியே ஓடிவிடும். நல்ல மூன்றடுக்குக் கண்ணாடியாயின் 50 வாட்டோடு நிற்கும். சுவர், கூரை, கதவிடுக்கு எல்லாவற்றையும் இவ்வாறே கூட்ட வேண்டும். விடை 5 கிலோவாட் என்று வந்தால், அறையைச் சுடவைக்கும் பொருட்டு 20 கிலோவாட் கொதிகலன் வாங்குவது, நால்வர் உண்ணக் கல்யாண அண்டாவில் சோறு வடிப்பதை ஒக்கும். அது சற்றே எரிந்து அணையும். மறுபடி எரிந்து அணையும். எரிபொருளும் வீண், யந்திரமும் தேயும்.

அடுத்தது நீரின் சூடு. சிக்கனத்தின் மர்மமே இதில்தான் இருக்கிறது. சுவரோரம் நிற்கும் பழைய இரும்புக் கணப்புகளுக்கு 70 டிகிரி வெந்நீர் வேண்டும். தரை முழுவதும் குழாய் பதித்தாலோ, பரப்பு மிகுவதால், நன்கு கட்டிய வீட்டுக்கு 35 டிகிரியே போதும். (கொரியர்கள் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் செலுத்திப் பண்டே இச்சுகத்தை அறிந்தவர்கள், இன்று அங்கும் வெந்நீர்க் குழாய்தான்.) இட்லிப் பானையின் ஆவி சுடுவானேன்? ஆவி நீராகும்போது தன்னுள் ஒளித்த உஷ்ணத்தைக் கையில் கொட்டிவிடுகிறது. எரிவாயுப் புகையிலும் நீராவி உண்டு. திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழிருந்தால்தான் அந்த ஆவி குளிர்ந்து, புகைபோக்கி வழியே போக இருந்த உஷ்ணம் நமக்குக் கிடைக்கும். வெளிக்காற்றிலிருந்து உஷ்ணத்தை இறைக்கும் மின்சார யந்திரத்துக்கும் இதுவே பொருந்தும். 35 டிகிரி நீர் கேட்டால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று நான்கு பங்கு உஷ்ணம் தரும். சூட்டை ஏற்றக் கேட்டால் அந்தத் தாராளம் சுருங்கிவிடும்.

இனிப் பங்கீடு. பந்தியில் முதல் இலைகளுக்கே இருமுறை பரிமாறினால் கடைசி இலை காலியாகத்தானே இருக்கும்? நீரும் அருகிலுள்ள குழாய்களிலேயே சுலபமாக ஓடும். கோடி அறையில் படுத்திருக்கும் கிழவி நடுங்குவாள். அவளுக்காகக் கொதிகலனின் சூட்டை ஏற்றினால், முன்னறையில் இருப்பவர் ஜன்னலைத் திறந்துவிடுவார்! ஒவ்வொரு கிளைக்குழாயின் அடைப்பானையும் அளவறிந்து திருகிவைப்பதே இதற்கு மருந்து, செலவும் சொற்பம். எரிவாயுவால் சூடேறும் பெரிய குடியிருப்புக் கட்டிடங்களில் இதைச் செய்தே தீரவேண்டும் என்று ஜெர்மன் சர்க்கார் 2022-இல் விதித்தது.