அஞ்சறைப் பெட்டியும் பிக்-அப் வண்டியும்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் சங்கக் குடும்பங்களில் ரெயில் டிக்கெட்டைப் பற்றிய கவலை எழுவது வழக்கம். அண்மைக் காலத்தில் அதனுடன் வேறொரு பேச்சும் நம் காதில் விழுகிறது. சொந்த வண்டியிலேயே ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுள் சிலர் பிக்-அப் வண்டியை வாங்கி, பின்தட்டின்மேல் கூண்டு பொருத்தி, வழியில் படுத்துறங்கவும் சமைத்துண்ணவும் ஏற்றவாறு அமைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். “சாமான்களை எப்படி அடுக்குவது?” என்று நம்மை வினவுகிறார்கள். நாமும் அத்தகைய வண்டி ஒன்றை வைத்துப் பட்டுத் தெளிந்தவர்களாதலால், இத்திங்கள் அதனையே பொருளாகக் கொள்கிறோம்.

முதலில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டு மே மாதம் புனேயிலிருந்து கும்பகோணத்துக்குப் புறப்பட்டோம். பின்தட்டில் பெட்டி, படுக்கை, அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் கூண்டின் கூரை வரை நிரப்பி, இடம் வீணாகவில்லை என்று பெருமையும் கொண்டோம். இரவு ஹூப்ளியைத் தாண்டியபோது, பின்இருக்கையில் இருந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து எடுத்துத்தான் வந்திருந்தோம். ஆனால் அது எந்தப் பையில், எந்த மூட்டைக்கு அடியில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாலையோரத்தில், லாரிகள் விரையும் இருட்டில், மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். மருந்து கைக்குக் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்தை நம் இல்லத்தில் எவரும் மறக்கவில்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் அம்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பழைய அஞ்சறைப் பெட்டி. நம்முடன் பேசிக்கொண்டே, பெட்டியைப் பாராமல் கையை நீட்டிக் கடுகை எடுத்தார். பிறகு சொன்னார்: “ஏண்டா, வண்டியிலே இடம் இல்லாமலா போச்சு? எது எங்கேன்னு இல்லாமத்தானே போச்சு?” வண்டியில் சாமான் வைக்கும் வித்தையின் சாரம் அந்தக் கேள்வியில் இருந்தது. நிறைய ஏற்றுவது பெரிதன்று. இருட்டிலும் கை தானே போய் எடுக்கும்படி வைப்பதே பெரிது.

புனே திரும்பியதும் வண்டியை மாற்றி அமைக்கத் தொடங்கினோம். அன்பர்களும் தம் கையாலேயே செய்துகொள்ளலாம். ரம்பம், துளையிடும் கருவி, அளவுநாடா, பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

முதல் வேலை எடை பார்ப்பது. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். பிரயாணிகளின் எடையும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 12 மில்லிமீட்டர் கனமுள்ள, 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. கூண்டின் எடை வேறு. எல்லாம் முடிந்தபின், இப்பக்கத்து நெடுஞ்சாலைகளில் ‘தர்ம காண்டா’ என்று பலகை மாட்டியிருக்கும் எடைமேடையில் வண்டியை ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நலம்.

இரண்டாவது, பலகை. ஈரம் தாங்கும் மெரைன் பிளைவுட்டையே வாங்குங்கள், அதில் ஐ.எஸ். 710 என்ற தர எண் பொறித்திருக்கும். நம் வண்டியின் தட்டு ஏறக்குறைய 5 அடி நீளம். சக்கர வளைவுகளுக்கு இடையே மூன்றரை அடி அகலம். வளைவுகளுக்குச் சற்று மேலாக, ஓரடி உயரத்தில் ஒரு மேடை அமைத்தோம். மேலே படுக்கை, கீழே இரண்டு நீண்ட இழுப்பறைகள். பின்கதவைக் கிடையாகத் திறந்து, மேடையில் கீல் வைத்துப் பொருத்திய பலகையை அதன்மேல் விரித்தால், கால் நீட்ட இன்னும் ஒன்றரை அடி கிடைக்கிறது. திறந்த பக்கத்துக்குக் கித்தான் திரை. விலையுயர்ந்த இரும்புத் தடங்களுக்குப் பதிலாக மரச் சட்டங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். இழுப்பறைகள் வழுக்கிக்கொண்டு வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தாழ்ப்பாள் இன்றியமையாதது. இல்லையேல் மேட்டில் ஏறும்போது அவை தாமே பின்னோக்கி ஓடிவரும்.

மூன்றாவது, கனமும் காலமும். கனமானவை அடியிலும், ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டியும் இருக்கவேண்டும். தண்ணீர்க் கேன், அரிசி டப்பா ஆகியவற்றுக்கு அங்கேதான் இடம். கனம் மேலே ஏறினால் வளைவில் வண்டி சாயும். பின்கதவருகே சேர்ந்தால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். அன்றாடம் வேண்டியவை கைக்கருகே இருக்கட்டும். ஊர் சேர்ந்தபின் வேண்டிய புடவைப் பெட்டி உள்ளே போகட்டும். ஜாக்கி, சக்கரம் கழற்றும் சாவி, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை எந்த மூட்டையையும் இறக்காமல் எடுக்கும்படி இருக்கவேண்டும்.

நான்காவது, கட்டுதல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கொள்ளுங்கள். அப்போது கட்டாமல் கிடக்கும் 3 கிலோ பிரஷர் குக்கரை அதே தூரத்துக்குள் தடுத்து நிறுத்த, சுமார் 60 கிலோ பாரத்தைத் தாங்குமளவு பலம் வேண்டும். ஆகவே மக்கள் இருக்கும் அறையில் கனமான பொருள் எதுவும் தளர்வாகக் கிடக்கலாகாது. தட்டில் உள்ளவற்றை ராட்சட் வைத்த நாடாவால் கொக்கிகளில் இறுக்குங்கள். ரப்பர் கயிறு துணிமணிக்குச் சரி. தண்ணீர்க் கேனுக்கு ஆகாது.

ஐந்தாவது, எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் படிந்து தேங்கும். ஆகவே 5 கிலோ சிலிண்டரைப் பின்கதவருகே, அடியில் வெளிப்புறம் திறந்த துளைகள் உள்ள தனிப் பெட்டியில், நிமிர்ந்த நிலையில் இறுக்கிக் கட்டவேண்டும். சமையலை வண்டிக்கு வெளியிலேயே செய்யுங்கள். மழை பெய்கிறதென்று மூடிய கூண்டுக்குள் அடுப்பை மூட்டினால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குகிறவரை எழவிடாது.

சில்லறைப் பொருள்களுக்கு நம் இல்லத்தரசி ஒரு வழி கண்டார். நைந்துபோன பவானி ஜமக்காளத்தை வெட்டி, வரிசையாகப் பைகள் தைத்து, கூண்டின் உட்பக்கத்தில் தொங்கவிட்டார். டார்ச், தீப்பெட்டி, கத்தி, கயிறு, சோப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. சிறியதொரு துண்டு முன்இருக்கையின் முதுகில் தொங்குகிறது. அதில் முதல் பை மருந்துக்கு. அதில் வேறெதையும் வைக்கக் குழந்தைகளுக்கும் அனுமதியில்லை. பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையில் துண்டுகளைச் செருகினோம்; சத்தமும் இல்லை, கீறலும் இல்லை. பின்கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியபின் புழுதி வெகுவாகக் குறைந்தது.

சட்டத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே கூண்டு பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையையும் இழுப்பறைகளையும் பற்றவைக்காமல், கழற்றி எடுக்கும்படி திருகாணியால் பொருத்துங்கள். வண்டி ஓடும்போது பின்தட்டில் ஒருவரும் படுத்திருக்கலாகாது. படுக்கை நின்ற வண்டிக்கு மட்டுமே.

புறப்படும் முன் ஒத்திகை ஒன்று உண்டு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் மூன்று பொருள்களை எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தப் பொருளைத் தேட நேர்கிறதோ, அதன் இடம் தவறு, அதை மாற்றுங்கள். ஓட்டுபவருக்கு மட்டும் தெரிந்த ஒழுங்கு, அவரே நோயுற்றால் உதவாது.

2024ஆம் ஆண்டு மே மாதம் அதே சாலையில் மறுபடியும் சென்றோம். இரவு, ஏறக்குறைய அதே இடத்தில், அம்மாவுக்கு லேசாக இழுப்புத் தொடங்கியது. நாம் வண்டியை ஓரங்கட்டி விளக்கைப் போட்டுத் திரும்புவதற்குள், மருந்து அவர் கையில் இருந்தது. உறிஞ்சி முடித்து, சற்று நேரம் மூச்சை ஆற்றிக்கொண்டு, அதை அதே பையில் திரும்ப வைத்தார். “ம், போகலாம்” என்றார்.

இவ்விடுமுறைக்கு வண்டியை அமைக்க எண்ணும் அன்பர்கள், பலகை வாங்கப் போகுமுன் ஒரு தாளில் தம் சாமான்களின் பட்டியலை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை, இடம், எப்போது வேண்டும் என்று குறிக்கட்டும். அந்தப் பட்டியலை வீட்டில் மூத்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டபின் ரம்பத்தை எடுக்கலாம்.